ஆறு கல்லும் ஒரு சர்க்கார் காலும்

வாக்குறுதி கொடுக்க வாய் ஒன்று போதும். அதைக் கண்காணிக்கத்தான் ஆபீஸ் வேண்டும், ஏசி வேண்டும், சுவர் அகலத்துக்கு டிவி வேண்டும், "வணக்கம் சார், எந்த வாக்குறுதி சார்?" என்று கேட்க டை கட்டிய பிள்ளைகள் வேண்டும். இத்தனையும் தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. எம்.பி. அறிவுச்செல்வன், தாம் சொன்னதையெல்லாம் தாமே கண்காணிக்கத் தொடங்கிய மையம் அது. திருடனே ராக்காவல் போட்டுக்கொண்டது போல என்று யாராவது சொன்னால் அது அவரவர் நாக்குக் கொழுப்பு. நமக்கு எதற்கு வம்பு?

அந்த மாடிப்படியில்தான் ஒரு ஜூன் மாதக் காலையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார் ஓய்வுபெற்ற ஹவில்தார் கலியபெருமாள். ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம் நெடுந்தோப்பு. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் என்றதும் துப்பாக்கியும் கையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் சமையல்காரர். பனிமலை உச்சியில் சாம்பார் கொதிக்கவில்லை என்று விடிய விடிய அடுப்போடு போராடியவர். எதிரியைப் பார்த்ததில்லை, ஆனால் எதிரியைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் பசியைப் பார்த்திருக்கிறார்.

அவர் வந்த காரியம் ஒரு பாலம். தமக்கில்லை, சைபுல்லாவுக்கு.

சைபுல்லா அதே பட்டாளத்தில் லான்ஸ் நாயக். எல்லையில் கண்ணிவெடி இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. "வலது கால் அல்லா கொடுத்தது, இடது கால் சர்க்கார் கொடுத்தது. சர்க்கார் கொடுத்தது மட்டும்தான் வழுக்கும்" என்பார். அவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், திடலில். திடலைச் சுற்றி மூன்று பக்கம் நடவு வயல், நாலாவது பக்கம் வாய்க்கால். குறுக்கே ஒரு தென்னைமரம் கிடக்கிறது, அதுதான் பாலம். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது இறங்கி ஏறிவிடுவார். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் முடிந்தது கதை. தை பிறக்கும் வரை திடலிலேயே சிறை. அவசரம் என்றால் நாலு பேர் கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கட்டிலில் ஏறும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது.

இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அஃப்ரீனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையும் பட்டாளம், லடாக்கில் இருக்கிறான், லீவு அப்போதுதான் கிடைத்திருக்கிறது. நிக்காஹ் இந்தக் கரையில் பள்ளிவாசலில். வாய்க்காலிலோ அப்போது இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடும்.

"பொண்ணக் குடுக்கிறவன் நான். என்னை நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் பள்ளிவாசலுக்கு வந்தா, பாக்குறவன் அதைக் கல்யாணம்னு நெனைப்பானா, மையத்து, சாவு ஊர்வலம்னு நெனைப்பானா?" என்று கேட்டார் சைபுல்லா. "நான் நடந்து வரணும் கலியா. இல்லைன்னா வரமாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். எம்.பி. மாதிரி இல்லை.

மையத்தில் ஒருங்கிணைப்பாளர் ஜெயபாரதி கலியபெருமாளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, டிவியைத் தட்டினாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாது. எழுதிக் கொடுத்ததை நம்பிச் சொல்வாள், அவ்வளவுதான்.

"நெடுந்தோப்பு பாலம்தானே சார்? சூப்பரா போயிட்டிருக்கு. எழுபத்தஞ்சு சதவீதம் முடிஞ்சிருச்சு."

கலியபெருமாள் டிவியை உற்றுப் பார்த்தார். "அம்மாடி, காலைல நான் அதைத் தாண்டித்தான் வந்தேன். அடிக்கல் ஒண்ணுதான் இருக்கு."

"அதான் சார் எழுபத்தஞ்சு! அடிக்கல்தான் கஷ்டம். எம்.பி. சார் தேதி கிடைக்கணும், ராகுகாலம் எமகண்டம் பாக்கணும், பந்தல், மைக்செட், பொன்னாடை. அதெல்லாம் முடிஞ்ச பிறகு பாலம் வெறும் சிமெண்ட் வேலைதானே சார்?"

"சரிம்மா, அந்தப் பாக்கி இருபத்தஞ்சு?"

"அது மக்கள் பங்களிப்பு சார்" என்றாள் ஜெயபாரதி பெருமையாக. "நீங்க நம்பிக்கையோட காத்திருக்கணும்ல, அது."

கலியபெருமாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கினார். பட்டாளத்தில் பாதி வெந்த உருளைக்கிழங்கை முக்கால் வெந்தது என்று தட்டில் வைத்திருந்தால் தட்டு அவர் தலைக்கே திரும்பி வந்திருக்கும்.

இந்த அடிக்கல் சங்கதியைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தேர்தல் சமயத்தில் நெடுந்தோப்புக்கு வந்த அறிவுச்செல்வன், மேடையில் சைபுல்லாவின் சர்க்கார் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நிஜமாகவே அழுதார், பாவம், மூக்கெல்லாம் ஒழுகியது. அழுத வேகத்தில் திடலுக்குப் பாலம் என்று அறிவித்தார். கைதட்டல் வந்தது. கைதட்டல் ஓயவில்லையே என்று முன்னாள் ராணுவத்தினருக்கு மருத்துவமனை என்றார். அப்புறம் ராணுவக் கேண்டீன், விசில் பறந்தது. அப்புறம் ஆள்சேர்ப்புப் பயிற்சி மையம். கடைசியாக, மைக்கை விட மனசில்லாமல், பீரங்கித் தொழிற்சாலை.

"ஐயா, பீரங்கித் தொழிற்சாலைக்கு எடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"முதலில் சின்ன பீரங்கியாக ஆரம்பிப்போம்!" என்றார்.

ஜெயித்ததும் மறந்துவிடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் நம் நாக்கு அழுகும். ஐந்துக்கும் அடிக்கல் நாட்டினார். அதுவும் எப்படிப்பட்ட கல்! "பெரிய கோயில் கல்வெட்டு ஆயிரம் வருஷமா நிக்குதுல்ல? நம்ம கல்வெட்டும் நிக்கணும்" என்று புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் கருங்கல் பலகைகளை வரவழைத்தார். ஒவ்வொன்றும் ஆளைவிட நீளம், அரை அடி கனம். நீளம் ஏன் என்றால் அவருடைய பட்டங்கள் எல்லாம் அடங்க வேண்டுமே. 'செயல்சிங்கம்', 'வாக்குத் தவறா வள்ளல்', 'எல்லை காத்த ஏந்தல்', 'மருதநிலத்து மாமணி' என்று ஆழமாகச் செதுக்கிய எழுத்து. ஊரின் நெல் காயப்போடும் களம்தான் மேடான புறம்போக்கு என்பதால் ஐந்தையும் அங்கேயே வரிசையாக நட்டுவிட்டார்கள். நெல் காயவைக்க ஊர் ரோட்டுக்குப் போய்விட்டது.

டெல்டாக்காரனுக்குக் கல் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் வண்டல். நாய் துரத்தினால்கூடக் களிமண் கட்டியைத்தான் எறிய வேண்டும், அதுவும் பாதி வழியில் உதிர்ந்துவிடும், நாய் சிரிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் ஐந்து கருங்கல்! பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கலியபெருமாள் மையத்திலிருந்து திரும்பி வந்து, களத்தில் பீரங்கித் தொழிற்சாலை மேல் சாய்ந்தபடி, எழுபத்தைந்து சதவீதக் கதையைச் சொன்னார். அவர் மனைவி அம்சம் மருத்துவமனை மேல் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாலத்துக்குக் கல்லு இல்லைங்கறாங்களா?" என்றாள் அம்சம்.

"கல்லு இருக்கு, பாலம்தான் இல்லை."

"கல்லு இருக்குல்ல? பொறவு என்னத்துக்கு ஒப்பாரி? பேத்து எடுத்துக் குறுக்க போட்டா முடிஞ்சிது!"

கலியபெருமாள் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே, வாய் திறந்தபடி நின்றுபோயிற்று. எழுந்து ஒரு மூங்கில் கழியை எடுத்துக் கல்லை அளந்தார். ஓடிப்போய் வாய்க்காலை அளந்தார். டிராக்டர் வைத்திருக்கும் சபரிநாதனைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். கிணற்று உறைகளை இரண்டு இடத்தில் இறக்கி உள்ளே செங்கல் ஜல்லி நிரப்பித் தூணாக்கினால், மூன்று தாவலில் அக்கரை வந்துவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் கல் இரண்டு இரண்டாகப் பக்கத்தில் போட வேண்டும். ஒற்றைக் கல்லில் சைபுல்லா நடந்தால் ஊன்றுகோல் வாய்க்காலுக்குள் போகும்.

ஆக ஆறு கல். இருப்பதோ ஐந்து.

"அட கெரகமே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் சபரிநாதன். "இன்னும் ஒரே ஒரு பொய்யி சொல்லியிருந்தா பாலம் முடிஞ்சிருக்குமேண்ணே!"

மறுநாளே கலியபெருமாள் மறுபடி மாடிப்படி ஏறினார். இந்தத் தடவை எம்.பி.யே இருந்தார். சுழல் நாற்காலி, வெள்ளைச் சட்டை, முன்னால் முந்திரிப்பருப்பு.

"ஐயா, எங்க ஊருக்கு இன்னும் ஒரு வாக்குறுதி வேணும்."

அறிவுச்செல்வன் நெகிழ்ந்துபோனார். எல்லாரும் கொடுத்ததைக் கேட்டு வருவார்கள், புதிதாகக் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான். "கேளுங்க ஹவில்தார், கேளுங்க!"

கலியபெருமாள் யோசித்தார். அடக்கமாகக் கேட்போமே என்று, "பள்ளிக்கூடத்து ரோட்டுல குழி இருக்குங்கய்யா, அதை மூடித் தரேன்னு..." என்றார்.

எம்.பி. முகம் வாடிவிட்டது. "என்னங்கய்யா இது? குழி மூடறதுன்னா எஸ்டிமேட் போடணும், டெண்டர் விடணும், இன்ஜினீயர் வரணும், நாளைக்கு மூடலைன்னா ஆள் ஆளுக்குக் கேள்வி கேப்பான். நடக்கிற காரியத்தையெல்லாம் கேட்டா நான் எப்படி வாக்குக் குடுக்க முடியும்? பெருசா கேளுங்க. ராணுவத்துல இருந்த ஆளு நீங்க!"

கலியபெருமாள் தலையைச் சொறிந்தார். என்ன கேட்பது, என்ன கேட்பது என்று தவித்தவர் வாயில் எது வந்ததோ அதைச் சொல்லிவிட்டார்.

"நீர்மூழ்கிக் கப்பல்."

போச்சு, கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறார்கள் என்று கலியபெருமாள் செருப்பைத் தேடினார். அறிவுச்செல்வன் மெள்ள எழுந்தார். கண்ணில் நீர்.

"எவ்வளவு பெரிய சிந்தனை!" என்றார்.

ஜெயபாரதிதான் மெதுவாகக் கேட்டாள், "சார், நெடுந்தோப்பு வாய்க்கால்ல இடுப்பளவு தண்ணிதான் இருக்கும். கப்பல் மூழ்குமா?"

"கொஞ்சம் மூழ்கினால் போதும்மா. மிச்சத்துக்கு மேல் வைக்கோல் போட்டு மூடிவிட்டால் எதிரிக்கு எப்படித் தெரியும்? வைக்கோல்போர் என்றுதான் நினைப்பான். எந்த நாட்டிடம் இருக்கிறது இந்தத் தொழில்நுட்பம்?"

"ஐயா, ஒரே ஒரு விண்ணப்பம்" என்றார் கலியபெருமாள். "கல்லு மட்டும் அதே நீளம், அதே கனம் இருக்கணும்."

"அதைவிடப் பெரிசு!" என்றார் எம்.பி.

"ஐயோ வேணாங்கய்யா! அதே அளவு!" என்று கும்பிட்டார் கலியபெருமாள். அந்த அடக்கத்தைக் கண்டு எம்.பி. இன்னும் உருகிப்போனார்.

நெடுந்தோப்பு நீர்மூழ்கிக் கப்பல் தளத்தின் அடிக்கல் நாட்டு விழா ஆடி மாதத்தில் அமர்க்களப்பட்டது. பந்தல், நாதஸ்வரம், வழியெல்லாம் பேனர். பேனரில் அறிவுச்செல்வன் தலையில் கடற்படைத் தொப்பி, கையில் நாற்றுமுடி. வாய்க்காலுக்கு அக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சைபுல்லாவைப் பார்த்து இங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நெல் விளைந்த பூமியில் இனி நீர்மூழ்கி விளையும்! சிலர் கேட்கிறார்கள், முதலில் சொன்ன பாலம் எங்கே என்று. நான் கேட்கிறேன், பாலம் கட்டிவிட்டால் அந்தப் பக்கத்து மக்கள் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள், பிறகு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்? இதையெல்லாம் ஆட்சியில் இருப்பவன் யோசிக்க வேண்டும். நான் சொன்னதை மறப்பவன் இல்லை. மறந்தாலும் ஞாபகப்படுத்த ஓர் அலுவலகமே வைத்திருக்கிறேன், அவர்கள் தினமும் ஞாபகப்படுத்துகிறார்கள், நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு கல் உண்டா? இன்றைக்கு ஆறு! இதற்குப் பெயர் வளர்ச்சி இல்லையென்றால் எதற்குத்தான் வளர்ச்சி என்று பெயர்?"

கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. ஆறாவது கல் இறங்குகிறதே, ஊர் தட்டாமல் என்ன செய்யும்? சபரிநாதன் விசிலடித்து விசிலடித்துத் தொண்டை கட்டிக்கொண்டார்.

அறிவுச்செல்வன் பச்சைக்கொடி அசைத்தார். அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் ஒரு வாத்துக்கூட்டம் வந்தது. கொடியைக் கண்டு மிரண்டு ஒன்றுபோல முங்கின. "பாத்தீங்களா, ஒத்திகை!" என்று மைக்கில் கத்தினார் எம்.பி. வாத்துக்காரன் மட்டும் விஷயம் புரியாமல், வாத்தைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களோ என்று பயந்து கரையோரமாக ஓட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

அடுத்த வாரம் நெடுந்தோப்பு வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை இல்லை. டெல்டாவில் முறை வைத்துத்தான் பாசனம், இந்த வாரம் உனக்கு, அடுத்த வாரம் எனக்கு. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரே இறங்கியது. பட்டப்பகலில், யாருக்கும் ஒளிக்காமல்தான். உறை இறக்கினார்கள், ஜல்லி கொட்டினார்கள். சபரிநாதன் டிராக்டரில் சங்கிலி கட்டி முதலில் கேண்டீனை இழுத்தார், அப்புறம் மருத்துவமனையை. பீரங்கித் தொழிற்சாலை மட்டும் அடம்பிடித்தது. நீர்மூழ்கிக் கப்பல் வழுக்கி வாய்க்காலில் விழுந்து, சொன்ன சொல் தவறாமல் முழுசாக மூழ்கியது. மூங்கில் போட்டு நெம்பி எடுப்பதற்குள் எல்லாருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. கலியபெருமாள் கரையில் நின்று, "பட்டாளத்துல பாலம் கட்டுறவனுக்கெல்லாம் சோறு போட்டவன்டா நான்! சொல்றதைக் கேளுங்கடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை, அதனால் பாலம் நன்றாக வந்தது.

எழுத்து மேலேயா கீழேயா என்று ஒரு சண்டை. மரியாதைக்குக் கவிழ்த்துப் போடுவோம் என்றார்கள் பெரியவர்கள்.

"மழமழன்னு இருக்கிற பக்கத்துல சைபுல்லா அண்ணன் கால் நிக்குமா?" என்று பாய்ந்தாள் அம்சம். "எழுத்து மேல இருக்கட்டும். எவ்வளவு ஆழமா வெட்டியிருக்கான் பாரு. நல்லாப் புடிச்சுக்கும்."

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு விடிந்தது. முறை திரும்பி வந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர். பாலம் தாங்குமா என்று பார்க்க முதலில் பிரியாணிக்கான பெரிய தேக்சா அண்டாவை அதன்மேல் உருட்டினார்கள். தேக்சா அக்கரையிலிருந்து கணகணவென்று வந்து சேர்ந்தது. பாலம் அசையவில்லை.

அந்த நேரம்தான் ஜெயபாரதி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். சேதி கேள்விப்பட்டு எம்.பி. பாலத்தைத் திறந்துவைக்கப் புறப்பட்டுவிட்டார். இவள் முன்னால் வந்து களத்தைப் பார்த்திருக்கிறாள்.

"சார், கல்லு எல்லாம் காணோம்! கல்லு இல்லைன்னா அஞ்சு வாக்குறுதி பூஜ்யத்துக்கு எறங்கிரும் சார்!"

"காணாமப் போகலம்மா" என்றார் கலியபெருமாள். "வேலைக்குப் போயிருக்கு."

ஜெயபாரதி திரும்பிப் பார்த்தாள். அக்கரையில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி, மார்பில் பதக்கங்களோடு சைபுல்லா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஹுமைரா கை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஊன்றுகோலை முதல் கல்லில் வைத்தார். அது 'செயல்சிங்க'த்தின் பள்ளத்தில் போய் நச்சென்று உட்கார்ந்தது. சர்க்கார் காலை 'வாக்குத் தவறா வள்ளல்' மேல் வைத்தார். நின்றது. இன்னோர் அடி. இன்னோர் அடி. நட்டநடுவில், நீர்மூழ்கிக் கப்பலுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே, சைபுல்லா நின்றுவிட்டார். கலியபெருமாள் வாய்க்காலில் குதிக்க வேட்டியை மடித்துக் கட்டினார்.

சைபுல்லா சர்க்கார் காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"கலியா! வழுக்கலடா!"

அப்புறம் அவர் நடக்கவில்லை, அணிவகுப்பே போட்டார். இருபத்திரண்டு வருஷம் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து அழாத கலியபெருமாள் அன்றைக்கு ஓவென்று அழுதார். அழுதேன் என்று பின்னால் ஒப்புக்கொள்ளவும் செய்தார், மறைக்க என்ன இருக்கிறது? இக்கரை வந்த சைபுல்லாவை மாப்பிள்ளைப் பையன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து வரவேற்றான். ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டைத் தட்டினாள். "பாலம், நூறு சதவீதம்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். "மக்கள் பங்களிப்பு உள்பட."

கார்கள் வந்து நின்றன. அறிவுச்செல்வன் இறங்கி, கட்சிக்காரர்கள் குறுக்கே கட்டிய ரிப்பனுக்கு நேராகப் போய், வெட்டி, காமிராவைப் பார்த்துச் சிரித்து, பாலத்தில் கால் வைக்கப் போனவர் குனிந்து பார்த்தார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. தன் பெயர். பக்கத்தில் தன் பெயர். அதற்கு அப்பாலும் தன் பெயர். செருப்பைக் கழற்றிப் பார்த்தார். காலை ஓரமாக வைக்க இடம் தேடினார். பட்டம் இல்லாத இடம் அதில் ஒரு விரற்கடைகூட இல்லை.

"பயப்படாம வாங்க சார்" என்றார் சைபுல்லா, அத்தரும் சிரிப்புமாக. "உங்க பட்டம் ஒவ்வொண்ணும் காலை நல்லாப் புடிச்சுக்குது."

அறிவுச்செல்வன் காலைக் கீழே வைக்காமலே பின்வாங்கினார். மைக்கை வாங்கினார். அரசியல்வாதி என்றால் சும்மாவா? "இந்த வீரரின் பாதம் பட இந்தச் சிறிய பாலம் போதாது! இதே இடத்தில் இதைவிடப் பெரிய பாலத்துக்கு அடுத்த வாரமே அடிக்கல் நாட்டுவேன்! இது என் வாக்குறுதி!"

ஊர் ஆர்ப்பரித்தது. கலியபெருமாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லா இருப்பீங்கய்யா. இந்தத் தடவை மட்டும் நீளமா ரெண்டு கல்லாப் போட்டுருங்க. கைப்பிடிச் சுவரு பாக்கி நிக்குது."